இறால் குஞ்சு வளரும் சேறு யாருடையது?

எண்ணூர் கழிமுகத்தில் நீர் வற்றும் நேரம் பார்த்து இறங்குகிறவர்களைப் பாலத்தின் மேல் நின்று பார்த்தால் தலைகள் மட்டும்தான் தெரியும். மார்பளவு தண்ணீரில் மெல்ல நகர்ந்துகொண்டே அடிச்சேற்றைக் கையால் தடவி, விரலில் தட்டுப்படும் இறாலைப் பிடிக்கிறார்கள். இரண்டு கைகளும் சேற்றுக்குள் இருப்பதால், பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வதும் உண்டு. படகு இல்லை, வலை இல்லை, டீசல் செலவு இல்லை. கைதான் கருவி. பெரும்பாலோர் இருளர்கள், அவர்களில் பெண்களும் நிறைய.

இந்தப் பத்தியில் வழக்கமாக மனைப்பட்டா, சுடுகாட்டுப் பாதை, பஞ்சமி நிலம் என்று எழுதிவருகிறோம். இந்த முறை ஆற்றைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. எண்ணூர் கழிமுகத்தை மீட்க வேண்டும் என்ற பேச்சு சில ஆண்டுகளாக நீதிமன்றத் தீர்ப்புகளிலும் அரசுக் கோப்புகளிலும் வலுத்துவருகிறது. மீன்கள் முட்டையிடும் இடத்தையும் குஞ்சுகள் வளரும் இடத்தையும் திரும்ப உண்டாக்குவது அதில் முக்கியமான பகுதி. செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் மீட்ட பிறகு அந்த ஆறு யார் கைக்குப் போகும் என்ற கேள்வியை இப்போதே கேட்காவிட்டால் பிறகு கேட்டுப் பயனில்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்ய விடப்படும் காலம் அது. அந்த நாட்களுக்காகக் கடல் மீனவக் குடும்பத்துக்குத் தரப்படும் நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயரும் என்று 2023-ல் முதலமைச்சர் அறிவித்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடலில் பொரித்த குஞ்சுகளில் பெரும்பங்கு வளர்வதற்கு வந்து சேரும் இடம் கழிமுகம். அந்தக் கழிமுகத்துக்கு ஆண்டில் ஒரு நாள்கூட விடுப்பு கிடையாது. 61 நாளும் அனல்மின் நிலையம் ஓடும், சரக்குக் கப்பல் வரும், கழிவுநீர் இறங்கும். கழியில் கையால் பிடிப்பவருக்கு அந்த 8,000 ரூபாயும் கிடையாது. ஏனென்றால் அவர் கடலுக்குப் போகிறவர் அல்ல.

குஞ்சுகள் எதைத் தேடி வருகின்றன?

வெள்ளை இறாலை எடுத்துக்கொள்வோம். தாய் இறால் கடலில் லட்சக்கணக்கில் முட்டையிடுகிறது. ஒரு நாளுக்குள் முட்டை பொரிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த உயிர் பலமுறை தோலுரித்து உருமாறி, இரண்டு மூன்று வாரங்களில் சின்னஞ்சிறு இறாலாகிறது. அதன்பின் ஏற்றத்தின்போது கடல்நீர் முகத்துவாரத்துக்குள் நுழைகிறதே, அந்த நீரோட்டத்தில் ஏறி உள்ளே வருகிறது. அதற்கு வேண்டியது ஆழமில்லாத, வெதுவெதுப்பான, உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீர். அடியில் மெத்தென்ற சேறு. ஒளிந்துகொள்ளக் கண்டல் மரத்தின் வேர். அந்தச் சேற்றில் இருக்கும் புழுக்களும் மக்கிய இலையில் படியும் நுண்ணுயிர்களும் அதற்கு உணவு. பெரிய மீன் புகுந்து வர முடியாத அளவுக்கு நீர் மட்டம் குறைவாக இருப்பது அதற்குப் பாதுகாப்பு. இப்படிச் சில மாதங்கள் வளர்ந்து, முட்டையிடும் பருவம் நெருங்கும்போது கடலுக்குத் திரும்புகிறது. காசிமேட்டில் விசைப்படகிலிருந்து இறக்கி ஏலம் விடும் வெள்ளை இறால், குழந்தைப் பருவத்தை ஏதோ ஒரு கழிமுகத்தில் கழித்ததாகத்தான் இருக்கும்.

மடவையும் இதே வழியில் வருகிறது. கடலில் முட்டை, கழியில் வளர்ப்பு. கொடுவாய்க் குஞ்சும் கழிக்குள்தான் பெருக்கிறது. சேற்று நண்டு முட்டை சுமந்துகொண்டு கடலுக்குப் போகும். அதன் குஞ்சு திரும்பக் கண்டல் வேருக்கு வரும். செத்தக்கெண்டை மட்டும் வேறு மாதிரி. அது கழியிலேயே வாழ்ந்து, நீரில் மூழ்கிய கல்லிலும் கட்டையிலும் முட்டையை ஒட்டிவைத்து, ஆணும் பெண்ணும் காவல் இருக்கும். சுருக்கமாகச் சொன்னால் முகத்துவாரம் வாசல், ஆழமில்லாத ஓரம் தொட்டில். வாசல் அடைத்தாலும் தொட்டில் கெட்டாலும் கடலில் 61 நாள் படகை நிறுத்துவது பாதி வேலைதான்.

கையால் தடவிப் பிடிப்பவர்கள் நிற்கும் இடத்தை இப்போது பாருங்கள். அதே ஆழமில்லாத ஓரம், அதே சேறு. குஞ்சு வளரும் இடம்தான் அவர்களுடைய தொழிற்கூடம். சேற்றின் பதம் மாறியதை, புழு செத்ததை, புதிதாக ஒரு சிப்பி வந்து ஒட்டியதை முதலில் உணர்ந்தவை அவர்களுடைய விரல்களாகத்தான் இருக்கும். ஆற்றின் உடல்நிலையைத் தினமும் தொட்டுப் பார்க்கிறவர்களுக்கு அதன் வைத்தியத்தில் இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சேற்றின் மேல் சாம்பல்

கொசஸ்தலை ஆறு பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து வந்து எண்ணூரில் கடலில் சேர்கிறது. வடக்கே பக்கிங்காம் கால்வாய் அதைப் பழவேற்காடு ஏரியோடு இணைக்கிறது. ஆரணி ஆறும் அந்த ஏரியில்தான் கலக்கிறது. நீர் எப்போதும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும் நிலப்பரப்பு இது. இதன் நடுவில் நாம் கட்டியவற்றை ஒரு மூச்சில் சொல்ல முடியாது. 2017 வரை ஓடிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம். 1,830 மெகாவாட் திறனோடு இரண்டு கட்டங்களாக எழுந்த வடசென்னை அனல்மின் நிலையம். அதற்குப் பிறகு மூன்றாவது கட்டம். வல்லூரில் இன்னொரு 1,500 மெகாவாட். 2001-ல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், அதாவது இன்றைய காமராஜர் துறைமுகம். காட்டுப்பள்ளியில் மற்றொரு துறைமுகம், அதை 6,110 ஏக்கருக்கு விரிவாக்கும் முன்மொழிவு. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பும் உரமும் ரசாயனமும்.

நிலக்கரியை எரித்தால் சாம்பல் வரும். அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே ஆற்றைத் தாண்டிச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் பல ஆண்டுகள் பல இடங்களில் கசிந்தது. கசிந்தது என்பது மென்மையான சொல். சாம்பல் ஆற்றில் கொட்டி மேடு போட்டது. முழங்கால் அளவு சேறு இருந்த இடத்தில் சிமெண்ட் போல இறுகிய படிவம் வந்தது. ஆழம் குறைந்தது, அடியில் புழு பிழைக்கவில்லை, இறால் குஞ்சு புதைந்துகொள்ள இடமில்லை. அனல்மின் நிலையத்தில் இயந்திரத்தைக் குளிர்வித்து வரும் நீர் சூட்டோடு கழியில் விழுந்தது. சூடான நீரில் பிராணவாயு குறைவாகத்தான் கரையும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். சாம்பல் குளத்தை ஒட்டியிருக்கும் செப்பாக்கம் மக்கள் தங்களை வேறிடத்தில் குடியமர்த்தச் சொல்லி ஆண்டுக்கணக்கில் கேட்டுவருகிறார்கள். காற்றடித்தால் சோற்றில் சாம்பல் விழும் ஊர் அது.

இத்தோடு காக்கா ஆழி. ஊரார் இந்தப் பெயரில் அழைக்கும் அந்தக் கருநிறச் சிப்பி தென் அமெரிக்காப் பக்கத்தைச் சேர்ந்தது. கப்பல்கள் சமநிலைக்காக அடித்தட்டில் நிரப்பிவரும் நீரோடு வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். கழியின் அடியில் பாய் விரித்ததுபோல் படர்ந்து, நம் மட்டியையும் இறாலின் சேற்றையும் மூடிவிடுகிறது. பழவேற்காட்டுக்கும் அது பரவிவிட்டது. அந்தச் சிப்பி விரிப்புக்குள் கையை விட்டுத் தடவ முடியாது, விரல் கிழியும். வலை வீசுகிறவருக்கு அது நட்டம். வெறுங்கையால் பிழைப்பவருக்கோ தொழிலையே நிறுத்திவிடும்.

வரைபடத்திலும் ஒரு விபத்து நடந்தது. 1996-ல் ஒப்புதல் பெற்ற கடலோர வரைபடத்தில் கட்டுமானம் கூடாத பகுதியாக இருந்த சுமார் 6,500 ஏக்கர் கழிமுகம், பின்னால் வந்த ஒரு வரைபடத்தில் காணவில்லை. தகவல் கேட்டுப் பெற்ற ஆர்வலர்கள் 2017-ல் இதை வெளியில் கொண்டுவந்தார்கள். ஆற்றைத் தூர்ப்பதற்கு முன்னால் அதைத் தாளில் தூர்ப்பது எளிது. பஞ்சமி நிலத்தின் கதை தெரிந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல.

சாம்பலுக்கு எதிராக 2016-ல் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனவர்கள் எண்ணூர்ப் பகுதி மீனவர்கள். கடலோரக் குப்பங்களின் அந்தப் போராட்டத்தை மனம் திறந்து பாராட்ட வேண்டும். ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி சாந்தா ஷீலா நாயர் தலைமையில் ஒரு குழு ஆய்வு செய்தது. 2022 ஜூலையில் தென்மண்டல அமர்வு தீர்ப்புச் சொன்னது. சாம்பல் கசிவை நிறுத்தவும் கழிமுகத்தைச் சீர்செய்யவும் உத்தரவிட்டது. அதன்பிறகு மீட்புத் திட்டம் என்ற சொல் நிலைத்துவிட்டது.

படகுக்கு ஒரு கணக்கு, கைக்கு ஒரு கணக்கும் இல்லை

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வெள்ளத்தில் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் கழிக்குள் இறங்கியது நினைவிருக்கும். அலையாத்தி மரங்களில் நீர்மட்டம் ஏறிய உயரத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்தது. அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், சுற்றுப்புறத்தில் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். படகு ஒரு கருவி. அது கெட்டால் பழுது பார்க்கப் பணம் தரப்படுகிறது. வலையும் அப்படியே எண்ணப்படக் கூடியது. கை எண்ணப்படுவதில்லை. எண்ணெய் படிந்த சேற்றில் இறங்கித் தோல் வெந்துபோனால், அல்லது இறங்கவே முடியாமல் மூன்று மாதம் போனால், அதைப் பதிய எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை. மீனவர் என்று கணக்கெடுக்க வருகிறவர் முதலில் கேட்பது சங்க உறுப்பினர் அட்டை. அடுத்துப் படகின் பதிவெண். இரண்டும் இல்லாதவர் 'கூலித் தொழிலாளி' ஆகிவிடுகிறார். பலருக்குச் சாதிச் சான்றிதழே இழுபறி. அந்தக் கதையை இந்தப் பத்தியில் பலமுறை எழுதியாயிற்று.

சட்டம் இப்படிச் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. 2007-ல் வந்த தமிழ்நாடு மீனவர் நலச் சட்டத்தின் முழுப்பெயரிலேயே மீன்பிடியிலும் சார்புத் தொழில்களிலும் ஈடுபட்ட தொழிலாளர்கள் வருகிறார்கள். அளவுகோல் தொழில், பிறப்பு அல்ல. நடைமுறையில் நம் ஊரில் 'மீனவர்' என்ற சொல் சாதிப் பெயராகவும் ஒலிக்கிறது. அந்த இரண்டு பொருளுக்கும் இடையில் விழுந்து காணாமல் போகிறவர்கள் தலித், பழங்குடி மீன்பிடித் தொழிலாளர்கள்.

பழவேற்காட்டுக்குப் போனால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். அங்கே 'பாடு' என்று ஒரு முறை பல தலைமுறைகளாக இருக்கிறது. ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களைப் பிரித்து, எந்த ஊருக்கு எந்த நாள், எந்த ஆளுக்கு எந்த இடம் என்று குலுக்கிப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். சண்டை இல்லாமல் பொதுச்சொத்தைப் பங்கிடும் நல்ல ஏற்பாடு என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள்கூட எழுதியிருக்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது உண்மையும்கூட. உள்ளே இருக்கும் உரிமை பட்டினவர் ஊர்களில் தலைக்கட்டாகப் பிறந்தவர்களுக்கு. அதே ஏரியில் பிழைக்கும் தலித்துகளும் இருளர்களும் பாட்டுக்கு வெளியே. நல்ல இடம் போக மீதமுள்ள ஓரம் அவர்களுக்கு. நிலத்தில் ஊரும் சேரியும் இருப்பதுபோல் நீரிலும் உண்டு. கோடு போட்டுக் காட்ட முடியாததால் வெளியில் தெரிவதில்லை.

1927 மார்ச் 20-ல் மகாடு சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கி நீர் அருந்தியது குடிப்பதற்கான உரிமையைப் பற்றியது. பொதுநீரில் பிழைப்பதற்கான உரிமை இன்னும் பல இடங்களில் பேசப்படவே இல்லை.

சிலிகா சொல்லும் பாடம், பிச்சாவரம் சொல்லும் பாடம்

கழிமுகத்தை மீட்க முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் ஒடிசாவின் சிலிகா ஏரியைப் பார்க்கலாம். முகத்துவாரம் தூர்ந்து, உப்பு குறைந்து, களை மண்டி, மீன்வரத்து சரிந்துகொண்டே போனது. 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாய் வெட்டினார்கள். கடல்நீர் நுழைந்தது, குஞ்சுகள் நுழைந்தன, சில ஆண்டுகளிலேயே மீன்பிடிப்பு பல மடங்கானது. ஆபத்தில் இருக்கும் ஈரநிலங்களின் சர்வதேசப் பட்டியலிலிருந்து 2002-ல் சிலிகா நீக்கப்பட்டது. இயற்கை இடம் கொடுத்தால் மீன் திரும்பிவரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் சிலிகாவுக்கு இன்னொரு பக்கம் உண்டு. இறால் விலை ஏறியதும் பணம் படைத்த வெளியாட்கள் ஏரிக்குள் மூங்கிலும் வலையும் கட்டி அடைப்புப் போட்டார்கள். தலைமுறையாகப் பிடித்துவந்தவர்களில் பட்டியல் சாதியான கண்டராக்களும் உண்டு. அடைப்புகளை எதிர்த்த போராட்டத்தின்போது 1999 மே 29 அன்று சோரானாவில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். புதிய வாய் வெட்டி ஏரி செழித்த பிறகும் அடைப்புச் சண்டை ஓயவில்லை. ஏரி பிழைத்தது. அதன் பலன் யாருக்கு என்பது தீரவில்லை.

இங்கே நமக்கு ஒரு நேரடித் தொடர்பும் இருக்கிறது. சிலிகா, பழவேற்காடு இரண்டு ஏரிகளிலிருந்தும் 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் தஞ்சைப் பகுதியில் நிலமற்ற தலித்துகளுக்காக உழைத்த சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன். கீழத்தஞ்சையில் நிலத்துக்காகப் போராடியவர் ஏரிக்கும் போராடியது தற்செயல் அல்ல.

இன்னொரு பாடம் நம் சிதம்பரம் பக்கத்திலேயே இருக்கிறது. பிச்சாவரத்தில் முன்பு அலையாத்திக் காட்டைப் பட்டை பட்டையாக ஒட்டுமொத்தமாக வெட்டியதால் நிலம் தாழ்ந்து, வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, உப்பேறி, எதுவும் முளைக்காமல் போனது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து மீன் முள் வடிவில் கால்வாய் வெட்டின. நடுவில் ஒரு வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். ஏற்றத்தில் நீர் புகுந்து வற்றத்தில் வெளியேறியது, உப்பு குறைந்தது, நட்ட கன்று பிழைத்தது. அந்த வேலையில் எம்.ஜி.ஆர். நகர் இருளர்கள் பங்காளிகள். அவர்களும் கையால் தடவிப் பிடித்தவர்கள்தான். அதே காலத்தில் அவர்களுக்குப் பழங்குடிச் சான்றிதழ் வாங்கவும், வலை முதலிய கருவிகள் கிடைக்கவும் முயற்சி நடந்தது. காடு மீள்வதும் மனிதர் பதிவேட்டில் ஏறுவதும் ஒன்றாக நடந்தன. எண்ணூருக்கு முன்மாதிரி தேடி விமானம் ஏற வேண்டாம். சிதம்பரம் பேருந்து போதும்.

இருந்தாலும் வெளிநாட்டிலிருந்து ஒன்றைக் கற்கலாம். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே ஓடும் டெட்ராய்ட் ஆறு எண்ணூரைப் போலவே தொழிற்சாலைகளும் கப்பல் தடமும் நிறைந்தது. கப்பலுக்காக ஆற்றடிப் பாறையை உடைத்து எடுத்ததில் ஸ்டர்ஜன் என்ற பெரிய மீன் முட்டையிடும் கற்படுகை அழிந்தது. 2004 முதல் உடைகல் கொட்டிப் படுகைகளைத் திரும்ப அமைத்தார்கள். 2008-ல் போட்ட படுகை ஒன்றில் அடுத்த ஆண்டே ஸ்டர்ஜன் முட்டையிட்டது. சில படுகைகளை மணல் மூடிவிட்டது. நீரோட்டம் பார்த்து இடம் தேர்வு செய்ய வேண்டும் என்று கற்றுக்கொண்டார்கள். ஓடுகிற கப்பலை நிறுத்தாமலே தொட்டிலைத் திருப்பித் தர முடிந்தது என்பதுதான் நமக்குரிய செய்தி. துறைமுகம் இருக்கிறதே, இனி என்ன செய்வது என்று கையை விரிக்க வேண்டியதில்லை.

அங்கே வேண்டியது கல், இங்கே வேண்டியது சேறு. இந்த வித்தியாசத்தில்தான் எண்ணூர்த் திட்டம் தவறக்கூடிய இடங்கள் இருக்கின்றன. சாம்பலை அள்ளுகிறோம் என்று பெரிய இயந்திரத்தை இறக்கி ஆழமாகத் தோண்டிவிட்டால் படகுக்கு வசதி, குஞ்சுக்கு இழப்பு. ஆழமில்லாத ஓரம் போய்விட்டால் தொட்டிலும் போயிற்று. எங்கே, எவ்வளவு அள்ளுவது, எந்த ஓரத்தைத் தொடாமல் விடுவது என்பதை அளவுகோலோடு மட்டும் முடிவு செய்யக் கூடாது. அந்தச் சேற்றில் நடந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய் முடிவு செய்ய வேண்டும்.

கன்று நடுவதிலும் இதே கவனம் தேவை. அலையாத்தி நடுவது இப்போது எல்லோருக்கும் பிடித்த வேலை. புகைப்படத்துக்கும் நன்றாக இருக்கும். வெறும் சேற்றுத் திட்டு தரிசு போலத் தெரிவதால் அங்கே நட்டுவிடத் தோன்றும். அந்த வெறும் திட்டுதான் இறாலும் மட்டியும் நண்டும் வாழும் இடம். பறவை மேய்வதும் அங்கேதான். மரம் இருந்த இடத்தில் மரம் வரட்டும். திட்டு திட்டாகவே இருக்கட்டும். இதைச் சொன்னால் பசுமைக்கு எதிரி என்று பார்க்கிறார்கள்.

நட்டது வளர்ந்ததும் வனத்துறைப் பலகை வைத்து, யாரும் நுழையக் கூடாது என்று எழுதினால் என்ன ஆகும்? படகுக்காரர் நடு ஆற்றில் போவார். ஓரத்தில் தடவுகிறவர்தான் பலகைக்கு எதிரில் நிற்பார். மீட்பின் பெயரால் வெளியேற்றம் நடக்கக்கூடிய இடம் இதுவே. 2006-ன் வன உரிமைச் சட்டம் பிரிவு 3(1)-ல், நீர்நிலைகளிலிருந்து மீனும் பிற விளைபொருளும் எடுப்பதைச் சமூக உரிமையாகவே சேர்த்திருக்கிறது. காடு என்று எந்த நிலத்தை அறிவித்தாலும் அதற்கு முன் இந்த உரிமையைப் பதிந்தாக வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினரின் நீர் உரிமையில் குறுக்கிடுவது 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)-ன் கீழும் குற்றம். நீர் என்ற சொல் அந்தப் பிரிவில் தெளிவாகவே இருக்கிறது. காவல் நிலையத்தில் அதைப் படித்திருப்பார்களா என்பது வேறு விஷயம். சட்டம் படிக்கும் மாணவர்கள் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கையில் வைத்திருங்கள்.

காக்கா ஆழியை அகற்றும் வேலை இன்னொரு வாய்ப்பு. இயந்திரம் அள்ளினால் சிப்பியோடு சேறும் குஞ்சும் போகும். ஓரப் பகுதிகளில் கையால் அகற்ற ஆட்கள் தேவைப்படுவார்கள். அந்த வேலையை ஒப்பந்ததாரர் மூலம் அத்தக்கூலிக்கு விடாமல், கைப்பிடி மீன்பிடிக்கும் குடும்பங்களின் குழுக்களிடம் நேரடியாகத் தர வேண்டும். கையுறை, காலுறை, மருத்துவப் பரிசோதனை, நியாயமான நாள் ஊதியத்தோடு. சாம்பலும் எண்ணெயும் படிந்த சேறு அது. சாக்கடை மரணங்களைப் பார்த்த நமக்கு, கழிவுக்குள் யாரை இறக்குகிறோம் என்ற எச்சரிக்கை எப்போதும் வேண்டும். பாதுகாப்பு இல்லாமல் இறக்கினால் அது மீட்பு அல்ல, பழைய வேலையின் புதிய பெயர்.

திட்டம் பலிக்கிறதா என்று எப்படி அறிவது? எத்தனை கோடி செலவானது, எத்தனை கன்று நட்டது என்ற கணக்கு அதற்குப் பயன்படாது. ஒவ்வொரு அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்திலும் உள்ளே வரும் இறால் குஞ்சை எண்ண வேண்டும். நீரின் சூட்டையும் உப்பையும் குறிக்க வேண்டும். ஒரு ஆள் ஒரு வற்றத்துக்கு எத்தனை இறால் பிடிக்கிறார் என்று எழுத வேண்டும். பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் விலங்கியல் படிக்கும் மாணவர்கள் இதைச் செய்யலாம். ஒரு நோட்டு, ஒரு வெப்பமானி, கொசுவலைத் துணியில் தைத்த ஒரு சிறு வலை, பெரிய செலவில்லை. எண்ணித் தருவதற்கு ஆற்றில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆய்வு உதவியாளர் ஊதியம் தருவது திட்டச் செலவில் துளி.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு பட்டியல் வேண்டும். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் கையால் பிடிக்கிறார்கள், எந்த மாதம் எந்த ஓரத்தில், பெண்கள் எத்தனை பேர், சங்க அட்டை யாருக்கு இருக்கிறது, சாதிச் சான்று யாருக்கு இல்லை. மீன்வளத் துறையும் பழங்குடியினர் நலத் துறையும் சேர்ந்து எடுக்க வேண்டிய பட்டியல் இது. அவை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மீஞ்சூர் ஒன்றிய ஊராட்சிகளில் அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே பெயர்களை வாசித்துத் தீர்மானமாகப் பதிவு செய்யலாம். மாநகராட்சிக்குள் வந்துவிட்ட எண்ணூர்ப் பகுதிகளில் வார்டு கூட்டத்தில் செய்யலாம். தீர்மானத்தின் நகலை மாவட்ட ஆட்சியருக்கும், திட்ட அறிக்கை தயாரிக்கும் அலுவலகத்துக்கும் விரைவுத் தபாலில் அனுப்பி, அதன் ரசீதைப் பத்திரமாக எடுத்துவையுங்கள்.